ஆவுடையப்பன் சாரின் காலம்

பச்சை இல்லை. நீல விளக்குக்குக் கீழே வைத்து, ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை பார்த்தாயிற்று. கண்ணாடியில் வியர்வை படிந்திருக்குமோ என்று கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தாயிற்று. குழாயின் அடியில் படிந்து கிடந்த பாக்டீரியா வண்டல் அரைத்து வைத்த தோசை மாவு நிறத்தில்தான் இருந்தது. மாவாவது ஒரு ராத்திரி வைத்தால் பொங்கி வரும், இது எதற்கும் வராது என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். அது காலையில். இப்போது மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அதே வண்டலை உடைத்து, சுழற்றி, தெளிந்ததை மட்டும் எடுத்து, நின்ற வாக்கில் மாட்டியிருக்கும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஊற்றிவிட்டு, அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பச்சை இல்லாத சரக்கை எதற்கய்யா வடிக்கிறீர் என்று கேட்க யாரும் இல்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி. உண்மையைச் சொல்வதானால் காலையிலேயே கொட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார். ஆனால் உயிரோடு இருக்கிற பாக்டீரியாவை அப்படியே சிங்க்கில் ஊற்றக் கூடாது, பிளீச்சிங் பவுடர் கலந்து கொன்றுவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பவுடர் டப்பாவைத் திறந்தால் காலி. லேபில் கூட ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளைகள் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொல்ல மருந்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றால் கேட்கிறவன் சிரிப்பான். வீட்டுக்குப் போகலாம்தான். போனால் மனைவி கோமதி முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள், முகத்தை மட்டும் பார்ப்பாள், பார்த்துவிட்டுக் காப்பி போட உள்ளே போய்விடுவாள். அதற்கு இங்கேயே உட்கார்ந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த மாசத்தோடு முடிகிறது. டாக்டர் பட்டத்துக்கு யுனிவர்சிட்டியில் செய்த ஆராய்ச்சிப் பதிவின் காலக்கெடு முடிந்து, அதற்கு வாங்கிய நீட்டிப்பும் முடிந்து, நடையாய் நடந்து வாங்கிய இன்னொரு நீட்டிப்பும் இந்த மாசத்தோடு தீர்ந்துபோகிறது. இனி நீட்ட அதில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு குழாயைப் பச்சையாகக் காட்டினால் போதும், மீதியை உட்கார்ந்து எழுதிவிடலாம். காட்டவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். கடலில் மிதக்கிற சொறிமீன், ஜெல்லி மீன் என்பார்களே, அதற்குள் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் பாக்டீரியாவும் அதைச் செய்யும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஜீவன். அந்த மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் ஆவுடையப்பன் எழுத்தை மாற்றியிருக்கிறார். மாற்றியது சரி என்றால் அந்தப் பச்சை கொதிக்கிற சூட்டிலும் மங்காது. மாற்றியது தப்பு என்றால் பச்சையே வராது. வரவில்லை. போன தடவையும் வரவில்லை, அதற்கு முந்தியும், அதற்கும் முந்தியும். அப்படியானால் தப்பு அந்த எழுத்தில்தான், அதாவது யோசனையில்தான், அதாவது யோசித்த மண்டையில்தான். கல்லூரியில் கரும்பலகையில் பாக்டீரியா வரைந்து வரைந்தே தலை நரைத்தவர் அவர். ‘இப்புரதம் ஒளிரும் தன்மை உடையது’ என்று எத்தனை வருஷம் எழுதிப் போட்டிருக்கிறார், பையன்களும் எழுதிக்கொண்டு பாஸாகிப் போய்விட்டார்கள், சொன்ன ஆளுக்கு ஒரு சொட்டு ஒளியைத் தன் கையால் செய்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இந்த வயசில் எதற்கு சார் இதெல்லாம் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். இந்த வயசில் பட்டம் வாங்கிச் சம்பளம் ஏறவா போகிறது. இல்லைதான். அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை, அதை ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா.

சொட்டு. இந்தக் கண்ணாடிக் குழாய்க்கு லேபில் காலம் என்று பெயர். தூண் என்று அர்த்தமுள்ள இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனால் தமிழ் வாயில் விழுந்தால் அது காலமாகத்தானே விழும். காலம் போட்டாச்சா, காலம் அடைச்சுக்கிட்டு, காலத்தக் கழுவி வைல. உள்ளே நிக்கல் ஒட்டிய மணிகள் வெளிர்நீலமாக அடுக்கியிருக்கும். புரதத்தின் வாலில் ஒரு கொக்கி வைத்திருக்கிறோம், அது நிக்கலைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், மற்ற குப்பையெல்லாம் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். பிறகு பிடியை விடவைக்கிற கரைசலை ஊற்றினால் புரதம் மட்டும் சுத்தமாக இறங்கும். போன மாசம் இதே இடத்தில் அவர் காலத்தைக் கழுவிப் பழகிக்கொண்டிருந்தபோது கூட ஆராய்ச்சி பண்ணும் பையன் இசக்கிராஜா வந்து பவ்யமாக நின்று கேட்டான், “சார், ஒங்க காலம் முடிஞ்சிருச்சா சார்?” கேட்ட பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. ஆவுடையப்பனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, நல்ல சிரிப்பு, வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு, அது தொண்டைக்கு வருவதற்குள் அவன் முந்திக்கொண்டான்: “ஐயோ, சாரி சார், தப்பா சொல்லிட்டேன் சார்.” எல்லாத் தலையும் அவரவர் மேஜைக்குள் குனிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வெளியே போனார்கள், வராந்தாவின் கோடியில் போய் வெடித்துச் சிரித்தார்கள், சுவரைத் தாண்டி அவருக்குக் கேட்டது. தன்னை வைத்துப் பிறந்த சிரிப்பு. அதில் தனக்கு ஒரு வாய் கொடுத்திருக்கலாம். போய்ச் சேர்ந்துகொள்ளலாமா என்று ஸ்டூலிலிருந்து எழுந்தும் விட்டார். போனால் நின்றுவிடும். அவர் போனால் எதுவுமே நின்றுவிடும், அது தெரிந்த விஷயம். திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கும் அப்படித்தான். சாரல் கட்டிவிட்டது, ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று சொல்லி எல்லாரும் வேன் பிடித்துக் குற்றாலம் போயிருக்கிறார்கள். அவரைக் கூப்பிடாமல் இல்லை. பெனிட்டா வந்து நின்று கேட்டாள், “சார், நாங்க குத்தாலம் போறோம் சார், நீங்களும் வாறியளா சார்?” ஒரு வரியில் எத்தனை சார். அத்தனை சாரையும் தாண்டி யாரால் வேனில் ஏற முடியும். அவர் ஏறினால் முன் சீட்டைக் கொடுப்பார்கள், பாட்டை நிறுத்துவார்கள், அருவியில் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பார்கள், ‘சார் குளிச்சிரட்டும்’ என்பார்கள். ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஏறி விழுந்து குளிக்கிற இடம் அது. “இல்லம்மா, வேலை இருக்கு” என்றார். அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்ததைப் பார்த்தார். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெனிட்டா மணப்பாட்டுக் கடற்கரைப் பிள்ளை, தங்கமான குணம். முதல் வருஷம் அவருடைய ஃபிளாஸ்க்கில் பூஞ்சை விழுந்து பஞ்சு பஞ்சாய்ப் பூத்துவிட்டது, நுண்ணுயிரியல் வாத்தியார் ஃபிளாஸ்க்கில் பூஞ்சை, இதைவிட அவமானம் உண்டா. அவர் வருவதற்கு முன்னாலேயே அவள் அதைக் கொட்டிக் கழுவி, புதுசாகக் கரைசல் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது, குப்பைக் கூடையில் கிடந்த பஞ்சு அடைப்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பயம். அதிலிருந்து பஞ்சை அழுத்தி அடைத்து, அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் பாராஃபிலிம் என்கிற அந்த மெழுகு நாடாவை இழுத்து இழுத்துச் சுற்று மேல் சுற்றாகச் சுற்றுவார், ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டுகிற மாதிரி. அதற்குப் பிறகு பூஞ்சை வரவில்லை. அதையாவது சொல்லிக்கொள்ளலாம்.

பெரிய ஃபிளாஸ்க் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டால் போதும், இசக்கிராஜா தன்னுடையதைக் காலி பண்ணிக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டுவான், தன் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பான், அது தெரிந்துதான் அவர் கேட்பதில்லை. இருக்கிற சின்ன ஃபிளாஸ்க்கிலேயே கழுத்து வரைக்கும் ஊற்றிக்கொள்வார். ஹெலன் மேடத்திடமும் கேட்பதில்லை. மேடம்தான் அவருக்கு கைடு, அவரைவிட இளையவர். மேடத்துக்கு இவர் சார், இவருக்கு அவர் மேடம். கைடும் மாணவனும் எதிரெதிரே எழுந்து நின்று, நீங்க உட்காருங்க, இல்ல நீங்க உட்காருங்க என்று சொல்லிச் சொல்லியே மீட்டிங் முடிந்துவிடும். இசக்கியை மேடம் திட்டுவது கீழ்த் தளம் வரைக்கும் கேட்கும். மண்டையில என்ன வச்சிருக்க நீ, கன்ட்ரோல் எங்க, கன்ட்ரோல் போடாம என்ன எக்ஸ்பெரிமெண்ட் பண்ண, இத எடுத்துட்டு வந்து என் முன்னாடி நிக்க. அவன் கண்கலங்கி வெளியே வருவான், மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அந்தக் கன்ட்ரோலைப் போடுவான், அடுத்த வாரம் அவனுக்கு ரிசல்ட் வந்துவிடும். ஆவுடையப்பன் போய், ‘வரவில்லை மேடம்’ என்றால், “பரவால்ல சார், டைம் எடுத்துக்கோங்க சார்.” எவ்வளவு மரியாதை. இருக்கிற டைமெல்லாம் அதில்தான் போயிற்று. அவன் திட்டு வாங்குவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் தனக்கு ஏதோ பசி மாதிரி எடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சீ, என்ன மனசு இது என்று அப்போது நினைத்தார். பசிதான், வேறென்ன.

பட்டென்று கரண்ட் போயிற்று. ஏசி இருமி நின்றது, ஃபிளாஸ்க்கைக் குலுக்கும் ஷேக்கர் நின்றது, நீல விளக்கு அணைந்தது, காதுக்குள் இத்தனை நேரம் இரைச்சல் இருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது. தூரத்தில் ஜெனரேட்டர் உறுமுகிறது, அது பெரிய ஃப்ரீசர்களுக்கு மட்டும், மனுஷர்களுக்கு இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். ஆனிக் காற்று ஹோவென்று வந்தது, பாளையங்கோட்டைக்கு வரும்போது அதில் சாரல் எல்லாம் கிடையாது, வெறும் காற்றும் புழுதியும்தான். அறை வேகமாகச் சூடேறியது. ஐஸில் வைத்திருந்த மிச்சக் குழாய்கள் உருகிய தண்ணீரில் மிதக்கத் தொடங்கியிருந்தன, எடுத்து ஜன்னல் கட்டையில் ஸ்டாண்டில் வைத்தார். வைத்தால் என்ன, கெட்டால் கெடட்டும். போன் அடித்தது. கோமதி.

“சாப்ட்டியளா?”

“சாப்ட்டேன்.” சாப்பிடவில்லை, டிபன் பாக்ஸ் பையில் கிடக்கிறது.

“கரண்ட் இருக்கா அங்க? இங்க இல்ல.”

“இங்கயும் இல்ல.”

“எப்ப வருவிய?”

“கொஞ்சம் வேலை இருக்கு.”

அந்தப் பக்கம் காலிங் பெல்லுக்குப் பதிலாக யாரோ கதவைத் தட்டும் சத்தம். கோமதி போனைக் கையில் வைத்தபடியே சொன்னாள், “சார் இல்லையேப்பா, யுனிவர்சிட்டிக்குப் போயிருக்காவ. சாயங்காலம் வாங்க.” பிறகு போனில், “வைக்கட்டா?” வைத்துவிட்டாள். சார் இல்லை. வாத்தியார் பெண்டாட்டிமார் எல்லாரும் சொல்கிற வழக்கம்தான், அவர் அம்மாவும் அப்பாவை அப்படித்தான் சொன்னாள், இதில் ஒன்றும் புதுசில்லை. கோமதியிடம் சொல்லலாம். இது வராது கோமதி, நான் தோத்துட்டேன் என்று சொல்லலாம். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயம். ஊர் பூராவும் ஒன்றும் சொல்லாத மனுஷர்களாக இருக்கிறார்கள். ஒரு ஆள் இருந்தான், ஆறுமுகம் அண்ணன், அவன் வாயில் நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பஸ் கண்டக்டர், நாள் முழுக்க ஊரைத் திட்டிவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான். சின்ன வயசில் திருச்செந்தூர்க் கடலில் குளிக்கும்போது சொறிமீன் ஒன்று அவர் காலில் சுற்றிக்கொண்டது. தீயைச் சுற்றின மாதிரி எரிந்தது, அலறினார். அண்ணன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கரை வரைக்கும் வைதுகொண்டே வந்தான். செத்த மூதி, கண்ணு எங்கல வச்சிருந்த, ஒன்னையக் கூட்டிட்டு வந்தேன் பாரு என்னையச் சொல்லணும். வைதுகொண்டே காலைக் கழுவினான், வைதுகொண்டே அழுதான். அந்த மீனுக்குள் இருக்கிற பச்சையைத்தான் இத்தனை வருஷமாக எடுக்கப் பார்க்கிறோம் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, நினைத்து, முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தார். அவன் முந்திக்கொண்டான். போன வருஷம் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை. இவர் அலறி அடித்துக்கொண்டு போனால் பந்தலில் நின்ற கூட்டம் விலகுகிறது: சார் வந்தாச்சு, சாருக்கு வழி விடுங்க, சாருக்கு ஒரு சேர் போடுங்க. சேர் போட்டார்கள். கூடப் பிறந்தவன் கிடக்கிறான், இவர் சேரில் உட்கார்ந்திருக்கிறார், சட்டை கசங்காமல். விழுந்து அழ வேண்டியவரை எல்லாருமாகச் சேர்ந்து உட்காரவைத்துவிட்டார்கள். இவரும் உட்கார்ந்துவிட்டார், அதுதான் இன்னும் ஆறவில்லை.

சொட்டு நின்றிருந்தது. காலம் காய்ந்துவிடும், மணிகள் காய்ந்தால் போச்சு. அவசரமாகக் கழுவும் கரைசலை எடுத்து மேலே ஊற்றினார், அப்போதுதான் மணிகளின் தலைமாட்டில் நிறம் வேறு மாதிரி இருப்பது போல் பட்டது. நீலம்தான். நிக்கல் நீலம். வெளிச்சம் மாறியதால் அப்படித் தெரிகிறது. இல்லை, நீலத்தில் கொஞ்சம் மஞ்சள் விழுந்த மாதிரி. நிக்கலே சில சமயம் பச்சை கலந்துதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்த கதை அவருக்கே உண்டு, முதல் வருஷம் துள்ளிக் குதித்து மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டி, மேடம் ரொம்ப மெதுவாக, “அது நிக்கல் சார்” என்று சொன்ன கதை. வேண்டாம். ஆசை கண்ணை மறைக்கும். பார்வையைத் திருப்பி ஜன்னல் கட்டையைப் பார்த்தார். அங்கே இரண்டு குழாய்கள் இருந்தன. காலத்தில் ஊற்றியது போக மிஞ்சிய அதே தெளிவு, ஒரே ஃபிளாஸ்க், ஒரே நேரம் உடைத்தது. ஒன்றைப் பழக்க தோஷத்தில் வாய் வரைக்கும் நிரப்பி, மூடி, நாடா சுற்றி வைத்திருந்தார். இன்னொன்றில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அதை மூட மறந்துவிட்டார். மூடியது தோசை மாவுத் தண்ணீர் மாதிரி இருந்தது. மூடாதது பச்சை.

எழுந்துபோய் எடுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார், எடுத்தால் போய்விடுமோ என்ற பயம், பிறகு எடுத்தார். வெயிலுக்கு எதிரே பிடித்தார். இளம் வாழைக்குருத்துப் பச்சை, விளக்கு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், கரண்ட்டே வேண்டாம், வெறும் கண்ணுக்குத் தெரிகிற பச்சை. எழுத்து சரி. அவர் மாற்றிய எழுத்து சரி. மூடியிருந்த குழாயின் நாடாவைப் பிரித்தார், பிரிய மாட்டேன் என்றது, அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்தார், நகத்தால் கிழித்து மூடியைத் திறந்து குலுக்கி வைத்தார். சூடான அறையில், திறந்த ஜன்னலில், காற்று பட்டுப் பட்டு அதுவும் மெதுவாகப் பச்சைக்குத் திரும்பியது, மேல் மட்டம் முதலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த வரி ஒன்று அப்போது வரிசையில் நின்ற பையன் மாதிரி எழுந்து நின்றது: இப்புரதம் முழுமையாக உருவான பின்னரும், ஆக்சிஜன் கிடைத்தால் மட்டுமே ஒளிரும். எழுதிப் போட்டிருக்கிறார். கேள்வியாகக் கேட்டு மார்க் போட்டிருக்கிறார். கழுத்து மட்டும் ஊற்றி, பஞ்சை அழுத்தி, தாள் சுற்றி, நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்குள் கிடந்து அது எங்கே போய் மூச்சு விடும். புரதம் இருந்திருக்கிறது. காற்று இல்லை, அதனால் நிறமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பிடியை விடவைக்கிற கரைசலை ஊற்றினார். பச்சைப் பட்டை மணிகளை விட்டு நழுவி, அசையாமல் அசைந்து கீழே வந்து, நுனியில் திரண்டு, விழுந்தது. ஒரு சொட்டு. அடுத்தது. பார்த்தாயிற்று. இதைத்தான் பார்க்க வேண்டும் என்றிருந்தார், பார்த்தாயிற்று, பட்டமும் தப்பித்தது, மனசு குதிக்க வேண்டியது குதிக்காமல் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது. போன தடவை. வண்டலைப் பார்த்தார், பச்சை இல்லை, பிளீச்சிங் போட்டார். அதற்கு முந்தின தடவையும் பிளீச்சிங். அதற்கு முந்தியும். ஒவ்வொரு தடவையும் அது இருந்திருக்கிறது, சரியாக, முழுசாக, திறந்து வைத்திருந்தால் அன்றைக்கே பச்சையாகி இருக்கும். பொடியை அள்ளிப் போட்டுக் குச்சியால் கலக்கியது அவர் கைதான். அண்ணன் இருந்த வருஷத்திலேயே வந்திருக்கும். இந்த நினைப்பு ஒரு இடத்தில் போய் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. அண்ணன் இருந்தான், பச்சையும் இருந்தது, இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு இவர் நாடா சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொன்று. இவர் சுற்றியது ஒளிந்துகொண்டு இல்லையே. இதே மேஜையில், எல்லார் கண்ணுக்கும் எதிரே, தினமும்.

வெயில் சாய்ந்து அறைக்குள் நீளமாக விழுந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெனிட்டா. தலை ஈரம், தோளில் துண்டு, உடம்பெல்லாம் குற்றாலத்து எண்ணெய் வாசம். அவரைப் பார்த்ததும் துண்டை அவசரமாக எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

“இன்னும் போகலையா சார்? என் பாக்டீரியா பிளேட்ட ஃப்ரிட்ஜ்ல வைக்க மறந்துட்டேன் சார், வேன்ல இருந்து அப்படியே எறங்கி வாறேன்.” குழாயைப் பார்த்துவிட்டாள். “சார், இது ஒங்களுதா சார்? வந்துட்டா?”

“வந்துட்டும்மா.”

அவள் கிட்டே ஓடிவந்தாள், குனிந்து முட்டியில் கையை ஊன்றிப் பார்த்தாள், அவள் கண்ணில் அந்தப் பச்சை தெரிந்தது. நிஜமான சந்தோஷம், அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, வேறு யாராவதாக இருந்தால் கட்டிப் பிடித்திருப்பாள். “சூப்பர் சார்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

“பெனிட்டா, நான் ஃபிளாஸ்க் வாயில இந்த நாடாவச் சுத்துறத நீ பாத்திருக்கியா?”

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. “பாத்திருக்கேன் சார்.”

“இசக்கி?”

“எல்லாரும் பாத்திருக்கோம் சார். கழுத்து மட்டும் ஊத்துததையும் பாத்திருக்கோம்.”

“காத்து போகாதுன்னு தெரியுமா?”

அவள் தரையைப் பார்த்தாள். “தெரியும் சார். நீங்க ஏதோ காரணமாத்தான் பண்ணுதியன்னு நெனச்சோம் சார். எங்களுக்குத் தெரியாத மெத்தடா இருக்கும்னு. இசக்கிகூட ஒரு நாள் சொல்லப் போனான் சார், நான்தான் சும்மா இருல, சாருக்குத் தெரியாதான்னு சொல்லி இழுத்துட்டு வந்துட்டேன்.”

“கேட்டிருக்கலாமேம்மா.”

“எப்படி சார் கேக்க. நீங்க சார், சார்.”

அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. இந்தப் பிள்ளை பூஞ்சையைக் கழுவி ஊற்றினதும் இதே கையால்தான், வாயை மூடிக்கொண்டதும் இதே அன்பால்தான். “இதையே இசக்கி பண்ணியிருந்தான்னா என்ன சொல்லியிருப்ப?”

“அவனயா?” அவளுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கினாள். “ஏல, ஒனக்கென்ன கோட்டியா, கிறுக்குப் பிடிச்சிருக்கா, ஒன் மூக்கப் பொத்திக்கிட்டு இருந்து பாருன்னு தலையில ஒண்ணு போட்டு, அன்னைக்கே பிச்சு எறிஞ்சிருப்பேன் சார்.”

“சரி. அதையே என்னயச் சொல்லு.”

“சார்?”

“சும்மா சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலியா, கோபமா, இது ஏதாவது தண்டனையா என்று அதில் தேடினாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். “ஒங்களுக்கு” என்றாள். “ஒங்களுக்கென்ன” என்று மறுபடி ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. ஈரத் தலையோடு, பையை மார்போடு பிடித்துக்கொண்டு, வீட்டுப் பாடம் எழுதாமல் வந்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. “சாரி சார்” என்றாள்.

பயமுறுத்திவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. இனி எதையும் சேர்த்துக் கேட்டால் அழுதுவிடுவாள். தொண்டையைச் செருமிக்கொண்டார். கல்லூரியில் பெல் அடித்ததும் வருமே, அந்தக் குரல் தன்னால் வந்தது.

“சரிம்மா, இருக்கட்டும். ஈரத் தலையோட நிக்காத, சளி பிடிச்சுக்கும். பிளேட்ட எடுத்து வச்சுட்டுக் கெளம்பு, நேரமாவுது.”

“சரிங்க சார்” என்றாள், உயிர் வந்த மாதிரி. பிளேட்டை ஃப்ரிட்ஜில் வைத்தாள், வாசலில் நின்று திரும்பிச் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கீழே வேனில் பாட்டுச் சத்தம் கேட்டது, அவள் ஏறியதும் யாரோ என்னமோ கேட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள், வேன் கிளம்பிப் போயிற்று. ஆவுடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் குழாய் நல்ல பச்சையாக இருந்தது. ஒனக்கென்ன கோட்டியா என்று மெதுவாகத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அந்தக் காலி அறையில் அது கொஞ்சமும் உறைக்கவில்லை.